காரைக்குடிப் பக்கத்துப் பழைய மரக்கடை: முகர்ந்து, எடை போட்டு வாங்கிய நாலு மரம்

மதுரையிலிருந்து காரைக்குடிக்கு இதுவரை நாலு தடவை போய் வந்துவிட்டேன், நாலு தடவையும் பழைய மரம் வாங்கத்தான். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே கதவு, கண்ணாடி, பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் கிடைக்கும், பார்க்கவே ஒரு நாள் போதாது. ஆனால் அறுத்து இழைத்து வேலை செய்ய மரம் வேண்டும் என்றால் ஊருக்குக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். இடித்த வீடுகளின் உத்தரம், கைமரம், நிலை, தூண், மாடிப் பலகை என்று மரம் மட்டுமே அடுக்கி வைத்திருக்கிற கொட்டகைகள் அங்கே இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. வேறு எந்தப் பழைய மரக்கடைக்குப் போனாலும் இதில் பாதியாவது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நான் ஆசாரி இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டு மாடியில் சின்னதாக ஒரு பட்டறை போட்டு ஆறேழு வருஷமாக மர வேலை செய்கிறேன். ஆரம்பத்தில் பிளைவுட்டும் வேம்பும்தான். அப்புறம் ஒரு தடவை பழைய தேக்குத் துண்டு ஒன்றை இழைத்துப் பார்த்தேன், அன்றிலிருந்து புது மரத்தின் மேல் மனசு போகவில்லை.

கடை என்றால் நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. உள்ளே நல்ல மரம், வெளியே வெயிலிலும் மழையிலும் கிடப்பது மட்ட மரம் என்று நினைக்காதீர்கள், இடம் இல்லாமல் நல்லதும் வெளியே கிடக்கிறது, எனக்கு அமைந்ததில் சிறந்த பலகை வெளியே சேறு படிந்துதான் கிடந்தது. பெரியவர் ஒருத்தர் மரம் காட்டுவார், அவருடைய மகன் பில் போடுவார். பெரியவரிடம் எந்த மரத்தைக் காட்டிக் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: "பர்மாதான் தம்பி." அது பொய் என்று சொல்ல மாட்டேன். அவர் வாயில் 'பர்மா' என்றால் பழைய, வைரம் பாய்ந்த, நல்ல மரம் என்று அர்த்தம். ஆனால் நாம் காசு கொடுப்பது தேக்குக்கு, அதனால் அது தேக்குதானா என்று பார்க்கிற வேலை நம்முடையது.

பர்மா என்ற பெயருக்கு இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நகரத்தார் பர்மாவில் வட்டிக் கடை நடத்திய காலத்தில் ரங்கூனிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் கப்பலில் வந்த மரம்தான் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் உத்தரமும். அங்கே தேக்கை உடனே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு உள்ளே இருக்கிற வெளிர் மரமான வெள்ளையையும் வளையமாகச் செதுக்கிவிட்டு, மரம் நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காய விடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்தால்தான் மிதக்கும், ஐராவதியில் தெப்பமாகக் கட்டிக் கொண்டுவர அது வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. அப்படி நின்றபடியே நிதானமாகக் காய்ந்த மரம் அவ்வளவு சுலபமாக முறுக்காது, வெடிக்காது. இயற்கைக் காட்டில் மெதுவாக வளர்ந்ததால் ரேகையும் நெருக்கமாக இருக்கும். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதனால் இப்போது ஒருத்தர் பர்மா தேக்கு என்று சொன்னால், ஒன்று அது அறுத்த மரமாக வந்திருக்க வேண்டும், இல்லை இந்த மாதிரி இடித்த வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லை அது பர்மாவே இல்லை. ஆப்பிரிக்கத் தோட்டத் தேக்கை 'பர்மா' என்று விற்கிற கடைகள் நம் ஊரில் ஏராளம்.

இந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கு முதல் காரணம் தராசு. வாசலிலேயே மின் தராசு ஒன்று இருக்கிறது, பழைய இரும்பு எடை போட வைத்தது. எந்தத் துண்டையும் தூக்கிவைத்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மரம் வாங்குகிறவர்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 1728ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். எடையை அதால் வகுத்தால் ஒரு கன அடிக்கு எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நன்றாகக் காய்ந்த தேக்கு 17இலிருந்து 20 கிலோவுக்குள் நிற்கும். வேங்கை 22 கிலோ வாக்கில். ஈட்டி 23, 24. முதிரை 26, 27. ஆச்சாவும் நல்ல கருங்காலியும் 30ஐத் தொடும், அதாவது தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். மரத்துக்கு மரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்தான், ஆனால் 'தேக்கு' என்று கொடுத்த துண்டு கன அடிக்கு 26 கிலோ காட்டினால் அது தேக்கு இல்லை, அதற்கு மேல் வாதமே வேண்டாம். முதல் தடவை போனபோது அப்படி ஒரு கைமரத்தைத் தள்ளி வைத்தேன். அது இருள் மரம். நல்ல உறுதியான மரம், கரையான் சட்டென்று தொடாது, ரயில் கட்டைக்கெல்லாம் போட்ட சாதி. ஆனால் தேக்கு விலைக்கு வாங்க முடியாது, இழைக்கும்போது கை ஓய்ந்துவிடும்.

இரண்டாவது காரணம், முனையைச் சீவிப் பார்க்க விடுகிறார்கள். பழைய மரத்தின் மேல்தோலைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எண்பது வருஷப் புகையும் எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறி எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். கூரான உளியால் குறுக்கு வெட்டில் ஒரு விரல் அகலத்துக்குச் சுத்தமாகச் சீவி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். தேக்கில் பெரிய துளைகள் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் வரிசை கட்டி நிற்கும், அந்த வரிசையைக் கண்ணால்கூடப் பார்க்கலாம். ஈட்டியில் துளைகள் சிதறிக் கிடக்கும், அவற்றைச் சுற்றி வெளிர் கோடுகள் அலை அலையாக ஓடும். கருங்காலியில் துளைகள் அவ்வளவு நுணுக்கம், பாதி அடைத்தும் போயிருக்கும், லென்ஸ் இல்லாமல் பார்த்தால் ஏதோ கல்லைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

அதைவிட முக்கியமானது மூக்கு. சீவின உடனே, அந்தச் சூட்டிலேயே முகர்ந்து பார்க்க வேண்டும், அஞ்சு நிமிஷம் கழித்து இல்லை. தேக்குக்குப் பழைய தோல் செருப்பும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம், ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. ஈட்டி இனிப்பாக, பூவாசமாக இருக்கும். எண்பது வருஷம் கூரையில் இருந்த மரமானாலும் அரை மில்லிமீட்டர் தோலை எடுத்தால் உள்ளே வாசம் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணெய்தான் மரத்தை இவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கிறது. 1817இல் பம்பாய்க் கப்பல்தளத்தில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கால் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கோடு சேர்ந்த இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காது என்பதும் கப்பல் கட்டுகிறவர்கள் அதை விரும்பியதற்கு ஒரு காரணம். இந்தக் கடையிலேயே அதைப் பார்க்கலாம்: தேக்குச் சட்டத்திலிருந்து பிடுங்கிய கையடி ஆணி அநேகமாக முழுசாக வரும். துவர் அதிகமான மரங்களில் ஆணியைச் சுற்றி மரமே கறுத்துப் போயிருக்கும்.

சரி, வாங்கியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஊஞ்சல் பலகைக்குத் தேக்கு. ஆறேகால் அடி நீளமுள்ள உத்தரத் துண்டு ஒன்று, அதை நீளவாக்கில் அறுத்து இரண்டு பலகையாக்கிக் கொடுத்தார்கள். அங்கேயே பட்டை ரம்பம் இருக்கிறது, அறுப்புக் கூலி தனி. இங்கேதான் கடையின் முதல் குறை. மரத்துக்குள் ஆணி இருக்கிறதா என்று பார்க்காமலே ரம்பத்தில் ஏற்றிவிட்டார்கள். பாதியில் ஒரு சத்தம், ரம்பப் பல் போனது, என் பலகையில் ஆணி இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பல் போனதற்கு என்னிடம் காசு கேட்கவில்லை, ஆனால் பலகைக்கும் ஒன்றும் குறைக்கவில்லை. பழைய மரம் அறுப்பதே தொழிலாக வைத்திருக்கிற இடத்தில் ஒரு நல்ல காந்தமோ, சுவரில் கம்பி தேடும் கருவியோ வைத்திருக்கக் கூடாதா? இப்போதெல்லாம் நானே காந்தம் கொண்டுபோய், அறுப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றச் சொல்கிறேன்.

தேக்கை இழைப்பது சுகம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது இழைப்புளியின் கூரைத் தின்றுவிடும். தேக்குக்குள் சிலிக்கா, அதாவது மணல் சத்து, இருக்கிறது. நாலு அடி பலகை இழைப்பதற்குள் இரண்டு தடவை சாணை பிடிக்க வேண்டியிருந்தது. மெஷின் ரம்பம் வைத்திருப்பவர்கள் கார்பைடு பல் வைத்த பிளேடு போடுங்கள், சாதா பிளேடு வீண்.

ஒட்டும்போதுதான் நான் அடி வாங்கினேன். இரண்டு பலகையையும் சனிக்கிழமை இழைத்து, அடுத்த சனிக்கிழமை சாதாரண வெள்ளைப் பசை போட்டு இறுக்கிக் கட்டினேன். பார்க்க இணைப்பே தெரியவில்லை, அவ்வளவு நன்றாக வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தூக்கும்போது நடுவில் சுத்தமாகப் பிரிந்து வந்தது. பசை ஒரு பக்கம் அப்படியே கண்ணாடி மாதிரி படிந்திருந்தது, மரத்தில் ஏறவே இல்லை. தப்பு பசையில் இல்லை, என்னுடைய ஒரு வார இடைவெளியில்தான். எண்ணெய் மரத்தில் இழைத்த அன்றைக்கு மேல்பரப்பு சுத்தமாக இருக்கும், அப்புறம் உள்ளேயிருக்கிற எண்ணெய் மெல்ல மெல்ல மேலே வந்துவிடும். இரண்டாவது தடவை, திரும்ப இழைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் மஞ்சள் ஏறாத வரைக்கும் துடைத்தேன். ஆறு ஏழு துணி ஆனது. அசிட்டோன் பறந்ததும், கால் மணி நேரத்துக்குள் எபாக்சி பசை போட்டேன். கட்டும்போது பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடாத அளவுக்கு மிதமாக இறுக்கினேன். ஒன்றரை வருஷம் ஆகிறது, மூன்று பேர் உட்கார்ந்து ஆடுகிறோம், அசையவில்லை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

இரண்டாவது ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். கடையைப் பற்றிய என் பெரிய வருத்தம் இதில்தான். பெரியவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் போய்விட்டேன், மகன்தான் இருந்தார். இரண்டு துண்டு ஈட்டி என்று கொடுத்தார், அடர்ந்த பழுப்பு, கறுப்பு வரி, பார்க்க அசலாக இருந்தது. எடையும் பொருந்தியது. மழை வரும் போல இருந்ததால் அவசரத்தில் முனையைச் சீவாமல் வந்துவிட்டேன். வீட்டில் வந்து சீவினால் ஒன்றில் அந்த இனிப்பு வாசம் ஆளைத் தூக்கியது, இன்னொன்றில் வாசமே இல்லை. சீவலை இரண்டு கிண்ணத்தில் போட்டு ஸ்பிரிட் ஊற்றினேன். ஈட்டிச் சீவல் உடனே செம்பழுப்புச் சாயம் இறக்கியது, மற்றது சும்மா கிடந்தது. லென்ஸில் பார்த்தால் அது கருமருது. கருமருதும் கன அடிக்கு 24 கிலோ பக்கம் வரும், வரியும் அப்படியே இருக்கும், அதனால்தான் எடையை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் ஏமாறுவோம். இரண்டு சோதனை வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் துண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர் வாங்கி, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்துவிட்டு மகனிடம் திரும்பி, "டேய், இது மருதுடா" என்றார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. மாற்றிக் கொடுத்தார், ஆனால் பஸ் செலவும் ஒரு நாளும் போனது போனதுதான். பெரியவர் இருக்கிற நாளில் போங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். அவருக்கு மரம் தெரியும், மகனுக்கு விலை மட்டும் தெரியும்.

ஈட்டி வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள், எந்த வீட்டு மரம் என்று கடைக்காரரையே அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2017 ஜனவரியிலிருந்து ஈட்டி உட்பட டால்பெர்ஜியா இனம், அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, செய்த பொருளை வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்ப நினைத்தால்கூடக் காகிதம் கேட்கலாம். சந்தனம், செம்மரம் என்று யாராவது ஓரமாகக் கூப்பிட்டுக் காட்டினால் கையால் தொடக்கூட வேண்டாம். இந்தக் கடையில் அந்த மாதிரி எதையும் நான் பார்க்கவில்லை.

ஈட்டியில் ஒரு நகைப்பெட்டி செய்தேன். பெட்டி நன்றாக வந்தது, பூச்சு என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. வழக்கம்போல ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன். இரண்டு நாளில் காயும், அதிகம் போனால் நாலு நாள். மூன்று வாரம் ஆகியும் விரல் வைத்தால் ஒட்டியது, தூசி எல்லாம் ஏறிப் பார்க்கவே சகிக்கவில்லை. ஈட்டியின் எண்ணெயில் இருக்கிற சத்துகள் ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவதையே தடுத்துவிடுகின்றன, எண்ணெய் கலந்த வார்னிஷுக்கும் அதே கதிதான். தின்னரால் முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, அவலரக்கை, அதாவது ஷெல்லாக்கை, ஸ்பிரிட்டில் கரைத்து முதலில் மெல்லிசாக இரண்டு கை பூசினேன். அரக்கு காய ஸ்பிரிட் பறந்தால் போதும், மரத்தின் எண்ணெய் அதைத் தடுக்காது. அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் பூசலாம், நான் அரக்கிலேயே முடித்துவிட்டேன். ஒரு எச்சரிக்கை: வெள்ளை மரம் பக்கத்தில் பதித்திருந்தால் முதல் பூச்சைத் தேய்க்காதீர்கள், ஈட்டியின் சாயம் இழுத்துக்கொண்டு போய் வெள்ளையில் ஏறிவிடும், தெளித்துவிடுங்கள்.

மூன்றாவது முதிரை, இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. இலங்கைத் தமிழர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, வன்னிப் பக்கத்து முதிரை என்றால் கதவு நிலைக்கு அதற்கு மேல் ஒன்று இல்லை என்பார்கள். இங்கே பொரசு என்று சொல்கிறவர்கள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் தேக்குக்கு அடுத்தபடி இலங்கையிலிருந்து வந்த முதிரையும் தூணாக நிற்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு தூணின் அடித்துண்டு, முழங்கால் உயரம். வெளியே காப்பிக் கொட்டை நிறம். இழைப்புளி ஒரு தடவை ஓடியதும் உள்ளே தங்க மஞ்சள், பட்டுத் துணியை வெயிலில் திருப்பினால் வருகிற மாதிரி பளபளப்பு, ஒரு பக்கம் பார்த்தால் இருட்டுப் பட்டை, திருப்பினால் அதே இடம் வெளிச்சம். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க வேலை செய்யாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பளபளப்புக்குக் காரணம் இழைகள் ஒரு அடுக்கு இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கு அந்தப் பக்கமுமாகப் பின்னி வளர்வதுதான். அதே காரணத்தால் சாதாரண இழைப்புளி ஓடினால் பாதி இடம் வழுவழுப்பாகும், மீதி இடம் பிய்ந்து வரும். திசை மாற்றினால் மற்ற பாதி பிய்யும். அலகை இன்னும் நிமிர்த்தி, 55 டிகிரி வாக்கில் நிற்கிற மாதிரி வைத்து, தாள் கனத்துக்கு மேல் எடுக்காமல் இழைத்தால் வரும். கடைசியில் என்னைக் காப்பாற்றியது எங்கள் தெரு ஆசாரி சொன்ன பழைய வழி, உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டுவது. உப்புத்தாளைவிட அது தரும் பளபளப்பு சுத்தம். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

முதிரைத் தூள் தோலுக்கு ஆகாது. இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை, இந்த மரத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தோல் அழற்சி வருவது பல காலமாகத் தெரிந்த விஷயம், அலட்சியமாக இருந்தது நான்தான். மணிக்கட்டிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக வந்து பத்து நாள் அரிப்பு. இப்போது முழுக்கைச் சட்டை, நல்ல முகக்கவசம், வேலை முடிந்ததும் குளியல். ஈட்டிக்கும் அப்படித்தான்.

நாலாவது ஆச்சா. அங்கே மூலையில் குட்டைத் துண்டுகளாக, விறகுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது, பெரியவர் கிலோ கணக்கில் கொடுத்தார். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்வது இந்த மரத்தில்தான், அதுவும் புது மரம் ஆகாது, பழைய வீட்டுத் தூணும் உத்தரமுமாக இருந்து பல பத்து வருஷம் காய்ந்ததைத் தேடி வாங்குவார்கள். 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்து நீளத் துண்டுகளை எடுத்துப் போய்விடுகிறார்கள் என்றும், மிஞ்சுவதுதான் இது என்றும் பெரியவர் சொன்னார். வாளித் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டேன், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. நிறம் கருஞ்சிவப்பு, சில இடத்தில் ஊதா ஓடும்.

இதில் ஒரு கொட்டாப்புளியும் ஒரு சின்ன இழைப்புளிக் கட்டையும் செய்தேன். இவ்வளவு கனமான மரத்தில் ஆணி அடிக்கவே நினைக்காதீர்கள், ஒன்று ஆணி வளையும், இல்லை மரம் பிளக்கும். திருகாணிக்கு முழு ஆழத்துக்குத் துளை போட வேண்டும். துளை போடும்போதும் நிறுத்தி நிறுத்தி, தூளை வெளியே எடுத்து எடுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் புகை வந்து டிரில் முனை நீலம் பாய்ந்துவிடும். பித்தளை ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவில் சோப்பு தடவி முறுக்கி வழி பண்ணிவிட்டு, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள். நேராகப் பித்தளையை முறுக்கினால் தலை உள்ளேயே முறிந்து நிற்கும், அதை எடுக்கிற பாடு சொல்லி மாளாது.

கருங்காலி கேட்டுப் பார்த்தேன். மாலையும் கோலும் வாங்க இப்போது ஆள் ஆளாய் வருகிறார்களாம், கறுப்பாக எது இருந்தாலும் கருங்காலியா என்றுதான் கேட்கிறார்களாம். நான் கேட்டதற்குப் பெரியவர் நேராகவே பதில் சொன்னார், "என்கிட்ட இல்ல தம்பி, இருக்குன்னு சொல்றவங்க பாதிப் பேரு சாயம் போட்டதுதான் தர்றாங்க." இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்காத அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவர் மேல் மதிப்பு கூடிவிட்டது. நீங்கள் எங்கேயாவது வாங்கினால் ஒரு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், மசி மாதிரி கறுப்பு கையோடு வந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே ஒரு கீறல் போட்டுப் பார்ப்பது இன்னும் நிச்சயம். இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது, சித்த மருத்துவத்தில் கருங்காலி என்பது கருவேல இனத்தைச் சேர்ந்த வேறு மரம், கறுப்பு வைரம் உள்ள கருங்காலி வேறு. பெயர் ஒன்று என்பதால் மரமும் ஒன்று ஆகிவிடாது.

வேங்கைக்கு ஒரு அழகான சோதனை உண்டு, போகிற போக்கில் அதையும் சொல்லிவிடுகிறேன். சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, வெயிலில் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்தால் தண்ணீர் நீலமாக ஒளிரும். படாக் என்ற மரமும் அதே இனம் என்பதால் அதிலும் இது வரும், அதனால் இந்த இரண்டுக்குள் எது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குக் காட்டினால் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். தேக்கு கன அடிக் கணக்கு, பேரம் உண்டு, நீளமும் அகலமும் கூடக் கூட விலை ஏறும், அதனால் உங்கள் வேலைக்கு வேண்டிய அளவை எழுதிக்கொண்டு போய்க் குட்டைத் துண்டுகளாகப் பொறுக்கினால் நிறைய மிச்சம். வெள்ளைப் பகுதியையும் ஆணி ஓட்டையையும் அளவில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் கழிக்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. மதுரை வரைக்கும் வண்டி அவர்களே ஏற்பாடு செய்தார்கள், சொன்ன நேரத்துக்கு வரவில்லை, ராத்திரி பத்து மணிக்கு வந்து தெருவில் இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கே கிடக்கிற பழைய ரயில் கட்டைகளில் தார் வாடை அடிக்கிறதை மட்டும் வாங்காதீர்கள், அது கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியது, வீட்டுக்குள் வைக்கிற பொருளுக்கு ஆகவே ஆகாது.

போன மாதம் பெரியவருக்குப் போன் செய்தேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு இடிக்கிறார்களாம், முற்றத்துத் தூண்கள் மொத்தமும் இவருக்குத்தான் வருகிறதாம். "முதிரை மாதிரிதான் தெரியுது, ஆனா நீ வந்து சீவிப் பாத்துட்டுச் சொல்லு தம்பி" என்றார். உளியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன்.